முன்னோடிகளின் வேலைமுறையை நம் நிரலில் கைக்கொள்வது எப்படி

கணினித் துறையின் முன்னோடிகள் பெரும்பாலும் ஒற்றை வரி மேற்கோள்களாகவே நம்மிடம் வந்து சேர்கிறார்கள். நிரலின் வேகத்தைப் பற்றி யாராவது பேச்செடுத்தால், தேவைக்கு முன்பே மேம்படுத்துவதுதான் எல்லாத் தீமைக்கும் வேர் என்று டொனால்ட் கனூத் எழுதியிருக்கிறார் என்று சொல்லி அந்தப் பேச்சை முடித்துவிடுகிறோம். கனூத் அதை எழுதியது 1974-இல். சிறுசிறு வேகச் சேமிப்புகளை 97 விழுக்காடு நேரம் மறந்துவிடலாம் என்று சொல்லும் அவர், அடுத்த வரியிலேயே மிச்சமுள்ள 3 விழுக்காட்டில் கிடைக்கும் வாய்ப்பை நழுவவிடக் கூடாது என்கிறார். எளிதில் கிடைக்கும் 12 விழுக்காடு முன்னேற்றத்தை வளர்ந்த பொறியியல் துறை எதுவும் அற்பமென்று ஒதுக்குவதில்லை என்பதும் அதே கட்டுரையில் அவர் வைக்கும் வாதம். நிரலில் நேரம் எங்கே செலவாகிறது என்பதை அளந்து பார்த்துவிட்டுப் பேசு என்பதே அவர் சொல்ல வந்தது. அந்த வரியை மட்டும் பிய்த்தெடுத்து, அளக்காமல் விடுவதற்குச் சாக்காக நீட்டுவது அவருக்குச் செய்யும் அநியாயம்.

மேற்கோளை விட்டுவிட்டு, இவர்கள் தங்கள் மேசையில் உட்கார்ந்து என்ன செய்தார்கள் என்று பார்ப்பதே பயன் தரும். டூரிங், வில்க்ஸ், வீலர், டைக்ஸ்ட்ரா, ஹோர், கனூத், ஹாமில்டன், தாம்சன் ஆகியோர் இயல்பிலும் வேலைச் சூழலிலும் ஒருவருக்கொருவர் பெரிதும் வேறுபட்டவர்கள். ஆனால் தாம் தவறு செய்வோம் என்பதை வேலை தொடங்கும்போதே ஒப்புக்கொண்டு, அந்தத் தவறு தானாக வெளியே வந்து விழும்படி வேலையை அமைத்துக்கொண்டதில் இவர்கள் எல்லாரும் ஒன்றுபடுகிறார்கள். நிரலாளர் இவர்களிடம் முதலில் எடுத்துக்கொள்ள வேண்டியது அந்த அமைப்பைத்தான் என்பது என் உறுதியான கருத்து. அதற்குத் தனி மென்பொருள் எதுவும் தேவையில்லை, நிறுவனத்தின் அனுமதியும் தேவையில்லை.

டூரிங்கின் மூன்று பக்கங்கள்

தொடங்க வேண்டிய இடம் 1949-ஆம் ஆண்டின் கேம்பிரிட்ஜ். அங்கே மாரிஸ் வில்க்ஸின் குழு கட்டிய எட்சாக் என்ற கணினி அந்த ஆண்டு மே 6 அன்று முதல் நிரலை ஓட்டியது. அடுத்துச் சில வாரங்களில் வில்க்ஸ் தாமே ஒரு வகைக்கெழுச் சமன்பாட்டைத் தீர்க்கும் நிரலை எழுதினார். அதில் மொத்தம் 126 வரிகள். அதைத் துளையிட்டுவைத்திருந்த காகித நாடா பல ஆண்டுகளுக்குப் பிறகு ஆராயப்பட்டபோது, அந்த 126 வரிகளில் ஏறக்குறைய 20 பிழைகள் இருந்தது தெரியவந்தது. கணினி அறைக்கும் துளையிடும் கருவிக்கும் இடையே படியேறி இறங்கிக்கொண்டிருந்த ஒரு நாளில், தம் மிச்ச வாழ்நாளில் பெரும்பகுதி தம் சொந்த நிரல்களில் பிழை தேடுவதிலேயே கழியப்போகிறது என்பது தமக்கு உறைத்ததாக வில்க்ஸ் பின்னாளில் எழுதினார். நிரல் எழுதுவது இவ்வளவு கடினம் என்று அதற்கு முன்பு யாரும் எதிர்பார்த்திருக்கவில்லை.

அதே ஆண்டு ஜூன் 24 அன்று, அதே கேம்பிரிட்ஜில் நடந்த மாநாட்டில், ஆலன் டூரிங் ஒரு பெரிய நிரலைச் சரிபார்ப்பது எப்படி என்று மூன்றே பக்கக் கட்டுரை ஒன்றை வாசித்தார். அதன் தொடக்கத்தில் அவர் காட்டும் உதாரணம் ஒரு கூட்டல் கணக்கு. 1374, 5906, 6719, 4337, 7768 ஆகிய ஐந்து எண்களைக் கூட்டினால் 26104 வரும். விடையை மட்டும் எழுதிக் கொடுத்தால், சரிபார்ப்பவர் கணக்கு முழுவதையும் மறுபடி போட்டாக வேண்டும். அப்படி இல்லாமல், ஒவ்வொரு பத்தியையும் தனித்தனியாகக் கூட்டி, ஒன்றாம் இடத்தில் 34, பத்தாம் இடத்தில் 17, நூறாம் இடத்தில் 29, ஆயிரமாம் இடத்தில் 23 என்று கிடைப்பவற்றிலிருந்து கடைசி இலக்கங்களை 3974 என்றும் மேலேற்றும் இலக்கங்களை 2213 என்றும் எழுதிக் காட்டிவிட்டால், நான்கு பத்திகளை நான்கு பேர் ஒருவரையொருவர் கேட்காமலேயே சரிபார்க்கலாம். கடைசியில் 3974-ஐயும் ஓரிடம் தள்ளிய 22130-ஐயும் கூட்டும் ஒரு சிறு கூட்டல் மட்டுமே மிஞ்சும்.

நிரலிலும் இதையே செய்ய வேண்டும் என்கிறார் டூரிங். நிரலின் குறிப்பிட்ட இடங்களில், இந்த இடத்துக்கு வரும்போது இன்ன மாறியில் இன்ன மதிப்பு இருக்கும் என்று நிரலாளர் உறுதிக்கூற்றுகளை எழுதிவைத்தால், ஒவ்வொரு கூற்றையும் தனியே சரிபார்த்து, அவற்றிலிருந்து முழு நிரலும் சரி என்ற முடிவுக்கு வரலாம். பெருக்கலே இல்லாமல் கூட்டலை மட்டும் கொண்டு தொடர்பெருக்கத்தை (1 × 2 × 3 என்று நீளும் பெருக்கலை) கணக்கிடும் நிரல் ஒன்றை எடுத்து அவர் அதைச் செய்தும் காட்டினார். நிரல் முடிவுக்கு வரும் என்பதை நிறுவ, ஒவ்வொரு படியிலும் குறைந்துகொண்டே போகும் ஓர் அளவைக் காட்ட வேண்டும் என்பதையும் சேர்த்துச் சொன்னார். 1967-இல் ராபர்ட் ஃபிளாய்டும் 1969-இல் டோனி ஹோரும் இந்த வழியை விரிவாக அமைக்கும் வரையில், ஏறக்குறைய இருபது ஆண்டுகள் இந்த மூன்று பக்கங்கள் கவனிக்கப்படாமலே கிடந்தன.

இதை நம் வேலையில் கைக்கொள்வது எளிது. அடுத்த முறை ஒரு லூப், அதாவது ஒரே வரிகளை மீண்டும் மீண்டும் ஓட்டும் பகுதி, எழுத நேரும்போது, கீபோர்டில் கைவைக்கும் முன்னர் ஒரு தாளில் இரண்டு வாக்கியங்களை எழுதிக்கொள்ளுங்கள். லூப்பின் தலைப்புக்கு ஒவ்வொரு முறை வரும்போதும் எது உண்மையாக இருக்கும் என்பது முதல் வாக்கியம். ஒவ்வொரு சுற்றிலும் எது கட்டாயமாகக் குறையும் என்பது இரண்டாவது.

வரிசைப்படுத்திய அரேயில் (மதிப்புகளின் பட்டியலில்), நடுவில் உள்ளதைப் பார்த்து ஒவ்வொரு முறையும் ஒரு பாதியை ஒதுக்கிவிட்டு ஒரு மதிப்பைத் தேடும் பைனரி தேடலை எடுத்துக்கொள்வோம். இடது, வலது என்று இரண்டு எல்லை மாறிகள் இருக்கின்றன. முதல் வாக்கியம்: தேடும் மதிப்பு அரேயில் இருக்குமானால், அது இடதுக்கும் வலதுக்கும் உட்பட்ட பகுதியில்தான் இருக்கும். இரண்டாம் வாக்கியம்: வலது − இடது + 1 என்ற நீளம் ஒவ்வொரு சுற்றிலும் குறையும். நடுவில் உள்ள மதிப்பு தேடும் மதிப்பைவிடச் சிறியதாக இருந்தால் இடது எல்லையை நகர்த்த வேண்டும். இங்கே ஒருவர் இடது = நடு + 1 என்று எழுதாமல் இடது = நடு என்று எழுதிவிட்டார் என்று வைத்துக்கொள்வோம். முதல் வாக்கியம் அப்போதும் உண்மைதான். ஆகவே அதை மட்டும் பார்ப்பவருக்குப் பிழை தெரியாது. இரண்டாவது வாக்கியத்தைச் சோதித்தால் உடனே தெரிந்துவிடும். இடது 4, வலது 5 எனில் நடு 4. இடது மறுபடியும் 4 ஆகிறது, நீளம் 2-ஆகவே நிற்கிறது, நிரல் முடிவில்லாமல் சுற்றுகிறது. இரண்டு வாக்கியங்களும் இரு வேறு வகைப் பிழைகளைப் பிடிப்பதால், இரண்டையும் எழுதுங்கள். எழுதியவற்றைத் தாளோடு விட்டுவிடாமல், முடிந்த அளவுக்கு அசெர்ட் வரிகளாக, அதாவது கூற்று பொய்யானால் நிரலை அங்கேயே நிறுத்தும் சோதனைகளாக, நிரலுக்குள்ளேயே வையுங்கள்.

இந்த உதாரணத்தை வேண்டுமென்றேதான் எடுத்தேன். ஜான் பென்ட்லி தம் புகழ்பெற்ற நூலில் இதே தேடலை உறுதிக்கூற்றுகளோடு நிறுவிக் காட்டினார். ஜாவாவின் நூலகத்துக்கு இதை எழுதியவர் ஜோஷுவா பிளாக். நடு = (இடது + வலது) / 2 என்ற வரி இருவருடைய நிரலிலும் உண்டு. அரேயில் சுமார் 107 கோடிக்கு மேல் உறுப்புகள் இருந்தால், இரண்டு எல்லைகளின் கூட்டுத்தொகை 32 பிட் முழு எண்ணின் உச்சமான 2147483647-ஐத் தாண்டி எதிர்மறை எண்ணாக மாறிவிடுகிறது. ஜாவாவில் ஏறக்குறைய ஒன்பது ஆண்டுகள் இருந்த இந்தப் பிழையை 2006-இல் பிளாக்கே பொதுவில் எழுதி எல்லாருக்கும் தெரியப்படுத்தினார். நடு = இடது + (வலது − இடது) / 2 என்று மாற்றினால் தீர்ந்தது. கணிதத்தில் எண்களுக்கு உச்சம் இல்லை, கணினியில் உண்டு. தாளில் செய்த நிறுவலுக்குள் அந்த உச்சம் வரவே இல்லை. நடு எப்போதும் இடதுக்கும் வலதுக்கும் இடையில் இருக்கும் என்ற அற்பமான ஓர் அசெர்ட் நிரலுக்குள் இருந்திருந்தால், பிழை தலைகாட்டிய முதல் முறையே அது கத்தியிருக்கும். இவ்வளவு வெளிப்படையான ஒன்றை எதற்கு எழுதுவது என்று தோன்றும் கூற்றுகளையும் எழுத வேண்டியதற்குக் காரணம் இதுதான்.

நிறுவலும் சோதனையும் ஒன்றுக்கொன்று மாற்று ஆகிவிடாது என்பதில் பழையவர்கள் தெளிவாக இருந்தார்கள். சோதனைகள் பிழை இருப்பதைக் காட்டுமே தவிர, இல்லை என்பதை ஒருபோதும் காட்டாது என்றார் டைக்ஸ்ட்ரா. மறுபக்கம், 1977-இல் ஒரு குறிப்போடு நிரல் ஒன்றை அனுப்பிய கனூத், இதில் பிழை இருக்கலாம், எச்சரிக்கை, சரியென்று நிறுவியிருக்கிறேனே தவிர ஓட்டிப் பார்க்கவில்லை என்று எழுதினார். இரண்டையும் சேர்த்து ஏற்றுக்கொள்ளுங்கள். தாளில் எழுதிய வாக்கியத்திலிருந்தே சோதனைகளைத் தேர்ந்தெடுத்தால் வெற்று அரே, ஒரே உறுப்பு, இரண்டு உறுப்புகள், இல்லாத மதிப்பு என்று விளிம்பு நிலைகள் தாமாகவே வரிசையில் வந்து நிற்கும்.

காவலை எடுத்துவிடாதீர்கள்

உறுதிக்கூற்றுகளை எழுதியபின் வரும் முதல் கேள்வி, உண்மையான பயன்பாட்டுக்குப் போகும்போது அவற்றை அணைத்துவிடலாமா என்பது. இதற்கு டோனி ஹோரின் அனுபவம் நல்ல பதில். 1934-இல் கொழும்பில் பிறந்த ஹோர், மாஸ்கோவில் மாணவராக இருந்தபோது குவிக்சார்ட் என்ற வரிசைப்படுத்தும் வழிமுறையைக் கண்டுபிடித்தவர். பிறகு இங்கிலாந்தின் எலியட் பிரதர்ஸ் நிறுவனத்தில் அல்கால் 60 என்ற நிரல்மொழிக்குக் கம்பைலர் (நிரலைக் கணினிக் கட்டளைகளாக மாற்றும் மென்பொருள்) உருவாக்கிய குழுவை நடத்தினார். அந்தக் கம்பைலர் உருவாக்கிய நிரல்கள், அரேயின் ஒவ்வோர் உறுப்பையும் தொடும்போதெல்லாம் எல்லை மீறப்படுகிறதா என்று சோதித்துவிட்டே தொட்டன. சில ஆண்டுகள் கழித்து, வேகத்துக்காக இந்தச் சோதனையை அணைக்கும் வசதி வேண்டுமா என்று வாடிக்கையாளர்களைக் கேட்டபோது, ஒருவர் விடாமல் எல்லாரும் வேண்டாம் என்றார்கள். அன்றாட ஓட்டத்தில் இத்தகைய பிழைகள் எவ்வளவு அடிக்கடி வருகின்றன என்பது அவர்களுக்குத் தெரிந்திருந்தது. தரையில் பயிற்சி பெறும்போது உயிர்காப்பு அங்கியை அணிந்துகொண்டு, கடலில் இறங்கும்போது அதைக் கழற்றி வைப்பவரைப் பற்றி என்ன நினைப்போம் என்று ஹோர் கேட்டது இந்தப் பழக்கத்தைப் பற்றித்தான்.

2014 ஏப்ரலில் வெளிவந்த ஹார்ட்பிளீட் குறைபாட்டை இதனோடு சேர்த்துப் பாருங்கள். இணையத் தொடர்புகளை மறையாக்கும் ஓப்பன் எஸ்எஸ்எல் நூலகத்தில், எதிர்முனை தான் அனுப்பியதாகச் சொல்லும் நீளத்தை உண்மையில் வந்த நீளத்தோடு ஒப்பிடாமல் அப்படியே நம்பியதால், ஒரு கோரிக்கைக்கு 64 கிலோபைட் வரை சர்வரின் நினைவகம் வெளியே கசிந்தது. விடுபட்டது ஓர் ஒப்பீடு மட்டும்.

ஆகவே அசெர்ட்களை முதலில் விட்டுவையுங்கள். நிரல் மெதுவாகிறது என்று தோன்றினால் நேரம் எங்கே செலவாகிறது என்று காட்டும் புரொஃபைலரைக் கொண்டு அளந்து பாருங்கள். கனூத் சொன்ன 3 விழுக்காட்டுக்குள் எந்தக் கூற்று வருகிறதோ அதை மட்டும், அங்கே மட்டும் அணையுங்கள். ஏன் அணைத்தீர்கள் என்பதை அதே வரியின் பக்கத்தில் எழுதுங்கள்.

ஹோரிடமிருந்து இன்னொன்றும் எடுத்துக்கொள்ளலாம். 1965-இல் அல்கால் டபிள்யூ மொழியை வடிவமைக்கும்போது, எதையும் சுட்டாத நல் என்ற சுட்டியை அவர் சேர்த்தார். சேர்ப்பது மிக எளிதாக இருந்ததால்தான் அந்த ஆசையை அடக்க முடியவில்லை என்று சொல்லி, 2009-இல் அதைத் தம் நூறு கோடி டாலர் தவறு என்று அழைத்தார். வடிவமைப்பில் ஒரு வசதியைச் சேர்க்கும்போது, இது தேவைப்படுவதால் வருகிறதா, எளிதாக இருப்பதால் வருகிறதா என்று கேட்டுப் பார்ப்பது ஒரு நிமிட வேலை.

பிழைகளுக்கு ஒரு குறிப்பேடு

என் பார்வையில், முன்னோடிகள் விட்டுச்சென்ற பழக்கங்களில் மிகக் குறைந்த உழைப்பில் மிக அதிகப் பலன் தருவது இது. டெக்ஸ் என்ற அச்சுக்கோப்பு மென்பொருளில் பிழை திருத்தத் தொடங்கிய 1978 மார்ச் 10 முதல், தாம் செய்த ஒவ்வொரு திருத்தத்தையும் கனூத் ஒரு பட்டியலில் எழுதிவந்தார். 1989-இல் 850-க்கும் மேற்பட்ட பதிவுகளைக் கொண்ட அந்தப் பட்டியலை ஒளிவுமறைவின்றி அச்சில் வெளியிட்டார். அப்போது அவர் டூரிங் விருது பெற்றுப் பதினைந்து ஆண்டுகள் ஆகியிருந்தன. ஒவ்வொரு பதிவையும் பதினைந்து வகைகளில் ஒன்றில் சேர்த்திருந்தார். வழிமுறையே தவறிப்போனது, செய்ய நினைத்ததைச் செய்ய மறந்தது, தரவு அமைப்பைச் சிதைத்தது, நிரலின் இரு பகுதிகள் ஒன்றோடொன்று பொருந்தாமல் போனது, எதிர்பாராத சூழல் ஒன்று குறுக்கிட்டது, வெறும் தட்டச்சுப் பிழை என்று அந்த வகைகள் நீள்கின்றன. பிழையைக் கண்டுபிடித்துச் சொல்பவர்களுக்கு அவர் காசோலையும் அனுப்பினார். அவருடைய நூல்களில் காணும் பிழை ஒன்றுக்கு 2.56 டாலர். 256 என்பதைப் பதினாறடிமான எண்முறையில் 100 என்று எழுதுவதால், 256 சென்ட் அந்த முறையில் ஒரு முழு டாலர்.

நிரலின் மாற்றங்களைப் பதிந்துவைக்கும் கிட் மென்பொருளின் வரலாறு இருக்கும்போது தனிக் குறிப்பேடு எதற்கு என்று கேட்கலாம். காமிட் செய்வதற்கு (மாற்றத்தை அதில் பதிவதற்கு) முன்பே கண்டுபிடித்துத் திருத்திய பிழைகள் கிட்டில் இருப்பதில்லை. நம் பிழைகளில் பெரும்பகுதி அவைதாம். மேலும், என்ன மாறியது என்று கிட் சொல்லும், நாம் என்ன நினைத்துக்கொண்டு தவறாக எழுதினோம் என்று சொல்லாது. குறிப்பேட்டில் எழுத வேண்டியது அதைத்தான்.

எளிய உரைக்கோப்பு ஒன்று போதும். ஒரு பிழையைத் திருத்தியவுடன், அடுத்த வேலைக்குப் போகும் முன்னர், தேதி, நடந்தது, அப்போது நான் உண்மையென்று நம்பியிருந்தது, உண்மையில் இருந்தது ஆகியவற்றை நான்கு வரிகளில் எழுதுங்கள். எடுத்துக்காட்டாக: "பில் தொகை ஒரு நாள் முன்னதாகப் பதிவானது. சர்வர் இந்திய நேரத்தில் ஓடுகிறது என்று நம்பியிருந்தேன். அது கிரீன்விச் நேரத்தில் ஓடுகிறது. காலை 5.30-க்கு முன் வரும் பதிவுகள் எல்லாம் முந்தைய நாளில் விழுகின்றன." ஐந்தாவதாக ஒரு வரியும் சேருங்கள்: இதே நம்பிக்கையோடு வேறெங்கே எழுதியிருக்கிறேன்? அந்த வரியை எழுதும்போது பெரும்பாலும் இரண்டாவது பிழை ஒன்று கண்ணில் படும். வகைப் பெயர்களை முதலிலேயே தீர்மானிக்காதீர்கள். நாற்பது ஐம்பது பதிவுகள் சேர்ந்தபின் உட்கார்ந்து படித்தால் உங்கள் வகைகள் உங்களுக்கே தெரியும், அவை கனூத்தின் வகைகளாக இருக்க வேண்டியதில்லை. எந்த வகை அதிகமோ, அதற்கான கேள்வி ஒன்றை உங்கள் கோட் ரிவ்யூவின் தொடக்கத்தில் நிரந்தரமாக வைத்துவிடுங்கள். இந்தக் கோப்பை மேலாளரின் மதிப்பீட்டுக்கு ஒருபோதும் தராதீர்கள். அளவுகோலாக மாறும் நாளில் அதில் உண்மை எழுதப்படுவது நின்றுவிடும்.

ஓட்டிப் பார்க்கும் முன் யோசிப்பது

பெல் ஆய்வகத்தில், யூனிக்ஸ் இயங்குதளத்தை உருவாக்கியவர்களில் ஒருவரான கென் தாம்சனும் சக பணியாளர் ராப் பைக்கும் ஒரே திரையின் முன் சேர்ந்து நிரல் எழுதியதைப் பைக் விவரித்திருக்கிறார். ஏதாவது உடைந்தால் பைக் உடனே நிரல் அந்த இடத்துக்கு வந்த வழியைக் காட்டும் ஸ்டாக் டிரேஸைத் திறப்பார், பிரிண்ட் வரிகளைச் செருகுவார், நிரலை நிறுத்தி நிறுத்தி ஓட்டிப் பிழை தேடும் டீபக்கரை எடுப்பார். தாம்சன் திரையைப் பார்க்காமல் நின்று யோசிப்பார். சிறிது நேரத்தில், என்ன தவறு என்று தெரிந்துவிட்டது என்பார். பெரும்பாலும் அது சரியாகவும் இருக்கும். தாம்சன் நிரலின் மாதிரி ஒன்றை மனத்தில் கட்டிவைத்திருந்தார் என்பதும், பிழையை அந்த மாதிரியில்தான் தேடினார் என்பதும் பைக்குக்குப் பிறகு புரிந்தது.

டைக்ஸ்ட்ரா இதை இன்னும் ஒரு படி மேலே கொண்டுபோனவர். மிகக் குறுகிய வழியைக் கண்டுபிடிக்கும் தம் புகழ்பெற்ற வழிமுறையை 1956-இல் ஆம்ஸ்டர்டாமில் ஒரு காபிக் கடையின் மாடத்தில், தாம் மணக்கவிருந்த பெண்ணுடன் அமர்ந்து இளைப்பாறிக்கொண்டிருந்தபோது, இருபது நிமிடத்தில், தாளோ பென்சிலோ இல்லாமல் வகுத்தார். ஆர்மாக் என்ற புதிய கணினியின் தொடக்க விழாவில் பொதுமக்களுக்குக் காட்ட அது தேவைப்பட்டது. நெதர்லாந்தின் 64 நகரங்களை மட்டும் கொண்ட வரைபடம் போதும் என்று அவர் வைத்துக்கொண்டார். நகர் ஒன்றுக்கு ஆறு பிட் போதுமாயிற்று. தாள் இல்லாததால் தவிர்க்கக்கூடிய சிக்கல்களையெல்லாம் தவிர்த்தே ஆகவேண்டியிருந்தது என்று பின்னர் சொன்னார்.

இதை அன்றாடப் பழக்கமாக்க ஒரு கட்டுப்பாடு போதும். பிழை ஒன்று தெரிந்தவுடன், நிரலை மறுபடி ஓட்டும் முன்னர், எங்கே என்ன தவறியிருக்கிறது என்ற உங்கள் ஊகத்தை ஒரு வாக்கியத்தில் எழுதுங்கள்; அந்த ஊகம் சரியானால் அடுத்த ஓட்டத்தில் எந்த மதிப்பு தெரியும் என்பதையும் எழுதுங்கள். பிறகு ஓட்டுங்கள். எதிர்பார்த்த மதிப்பு வராவிட்டால், நிரலைத் தொடாமல் முதலில் ஊகத்தைத் திருத்துங்கள். மாற்றி மாற்றிப் போட்டுப் பார்த்து எப்படியோ ஓடவைக்கும் வழக்கத்தை இந்தக் கட்டுப்பாடு உடைத்துவிடும்.

இதற்கு ஒரு வரம்பு உண்டு. தாம்சனும் பைக்கும் தேடியது தாங்களே சற்று முன் எழுதிய நிரலில். பிறர் எழுதிய பத்து ஆண்டுப் பழைய நிரலிலோ, பல சர்வர்களில் பரவி ஓடும் அமைப்பிலோ, யோசித்துப் பார்க்க உங்களிடம் மனமாதிரியே இருக்காது. அங்கே டீபக்கரும் லாக் பதிவுகளும் தேவை, அந்த மாதிரியைக் கட்டுவதற்கான கருவிகளாக. எட்சாக் குழுவும் அப்படித்தான் செய்தது. கணினியின் முன் அமர்ந்து ஒவ்வொரு கட்டளையாக ஓட்டிப் பார்ப்பது எல்லாருடைய கணினி நேரத்தையும் தின்றதால், ஸ்டான்லி கில் 1951-இல் நிரலின் போக்கைத் தானே அச்சிட்டுத் தரும் துணைநிரல்களை விவரித்துக் கட்டுரை எழுதினார். அச்சிட்ட தாளை எடுத்துக்கொண்டு மேசைக்குப் போய் யோசிக்க வேண்டியது நிரலாளரின் வேலை.

பயனரும் தவறு செய்வார்

அப்போலோ விண்கலத்தின் வழிகாட்டுக் கணினிக்கு நிரல் எழுதிய குழுவை நடத்தியவர் மார்கரெட் ஹாமில்டன். வேலைக்கு உடன் அழைத்துச்சென்ற அவருடைய சிறு மகள், மாதிரிக் கலத்தில் விளையாட்டாக விசைகளைத் தட்டி, விண்வெளியில் பறந்துகொண்டிருக்கும் நிலையில் ஏவுதலுக்கு முந்தைய 01-ஆம் நிரலைத் தொடக்கிவிட்டாள். முழு அமைப்பும் நிலைகுலைந்தது. இதைத் தடுக்கும் சோதனையைச் சேர்க்க ஹாமில்டன் விரும்பினார். விண்வெளி வீரர்கள் தவறே செய்யாதபடி பயிற்சி பெற்றவர்கள் என்று சொல்லி நாசா மறுத்தது. பறக்கும்போது 01-ஐத் தேர்ந்தெடுக்க வேண்டாம் என்று ஒரு குறிப்பு எழுத மட்டுமே அவரால் முடிந்தது. 1968 டிசம்பரில் அப்போலோ 8 பயணத்தின்போது ஜிம் லவல் தவறுதலாக அதே 01-ஐத் தேர்ந்தெடுத்தார். வழிகாட்டுத் தரவு அழிந்துபோய், அதை மீட்டெடுக்க வேண்டியதாயிற்று. அதன் பிறகுதான் அந்தச் சோதனை அனுமதிக்கப்பட்டது.

யாரும் இப்படிச் செய்ய மாட்டார்கள் என்ற வாக்கியம் உங்கள் குழுவின் பேச்சில் வரும் ஒவ்வொரு முறையும் அதைக் குறித்துக்கொள்ளுங்கள். அப்படிக் குறித்தவை அனைத்துக்கும் ஒரு டெஸ்ட் எழுதுங்கள். பணம் செலுத்தும் பொத்தானை இரண்டு முறை அழுத்துவது, பாதியில் பின்னே போவது, பெயர்க் கட்டத்தில் ஒன்றும் எழுதாமல் அனுப்புவது ஆகியவை யாரும் செய்ய மாட்டார்கள் என்ற பட்டியலில் இருப்பவை. எல்லாரும் செய்பவையும் அவைதாம்.

ஆவணம் எழுதுவதைப் பற்றி ஒரு சொல். எட்சாக்கில் துணைநிரல்களின் நூலகத்தை உருவாக்கிய டேவிட் வீலர், நிரலெழுதிச் சோதித்து முடித்த பின்னும், உள்ளே என்ன இருக்கிறது என்று தெரியாதவரும் எளிதில் பயன்படுத்தும்படி விளக்கம் எழுதும் வேலை மிச்சமிருக்கிறது என்றும், இந்தக் கடைசி வேலையே மிகக் கடினமானதாக இருக்கலாம் என்றும் 1952-இலேயே சொல்லிவிட்டார். ஒரு துணைநிரலை முடித்துவிட்டேன் என்று சொல்லும் முன்னர், அதன் விளக்கத்தை மட்டும் சக பணியாளர் ஒருவரிடம் கொடுத்து, நிரலைத் திறக்காமல் பயன்படுத்தச் சொல்லுங்கள். அவர் கேட்கும் முதல் கேள்வி விளக்கத்தில் விடுபட்டது எது என்பதைக் காட்டிவிடும்.

மூலத்தைப் படிக்கும் முறை

இவர்களைப் பற்றி எழுதப்பட்டவற்றைப் படிப்பதைவிட இவர்கள் எழுதியதைப் படிப்பது நல்லது, நினைப்பதைவிட எளிதும்கூட. டூரிங்கின் 1949 கட்டுரை மூன்று பக்கம். டைக்ஸ்ட்ரா 1959-இல் வெளியிட்ட வழிமுறைக் கட்டுரையும் மூன்று பக்கம். கம்பைலருக்குள் ஒளிந்துகொள்ளும் வஞ்சக நிரலைப் பற்றித் தாம்சன் 1984-இல் வெளியிட்ட டூரிங் விருது உரையும் அப்படியே. முதல் வாசிப்பில் நேராகப் படித்துவிடுங்கள். இரண்டாம் வாசிப்பில், கையில் தாளோடு அமர்ந்து, அவர்கள் சொல்லும் வழிமுறையை உங்கள் மொழியில் எழுதுங்கள். டைக்ஸ்ட்ராவின் கட்டுரையில் நிரலே இல்லை, விளக்கம் மட்டுமே இருக்கிறது. அதிலிருந்து நிரலை எழுதும்போதுதான் பாடநூல்கள் அதனோடு பிற்காலத்தில் சேர்த்தவை எவை என்று தெரியவரும்.

தமிழில் எழுதுபவர்கள் செய்து பார்க்க ஏற்ற பயிற்சி ஒன்று உண்டு. இணையத்தில் நாம் படிக்கும் தமிழ் எழுத்துகளைச் சுமந்து வரும் யுடிஎஃப்-8 குறியாக்கத்தைத் தாம்சன், 1992 செப்டம்பரில் ஒரு மாலையில், நியூ ஜெர்சியின் உணவகம் ஒன்றில் பைக்குடன் அமர்ந்து, மேசை விரிப்புத் தாளில் வகுத்தார். அவர்களிடம் கருத்துக் கேட்டு வந்த முன்மொழிவில் இல்லாத ஒரு நிபந்தனையை அவர்கள் சேர்த்தார்கள். பைட் ஓட்டத்தின் நடுவில் எங்கிருந்து பார்த்தாலும் ஓர் எழுத்தின் தொடக்கத்தைக் கண்டுபிடிக்க முடிய வேண்டும் என்பதே அது. இதனால்தான் 'அ' என்ற எழுத்து 224, 174, 133 என்ற மூன்று பைட்களாக வருகிறது. தொடர்ந்து வரும் பைட்கள் எப்போதும் 128-க்கும் 191-க்கும் உட்பட்டிருக்கும், தொடங்கும் பைட் ஒருபோதும் அந்த வரம்புக்குள் வராது.

ஒரு சொல்லையும் ஒரு பைட் வரம்பையும் வாங்கிக்கொண்டு, வரம்புக்குள் அடங்கும்படி சொல்லை வெட்டித் தரும் ஃபங்ஷன் ஒன்றை எழுதுங்கள். "தமிழ்" என்ற சொல்லில் நாம் எண்ணும் எழுத்து மூன்று, யூனிகோட் குறிகள் ஐந்து (உயிர்க்குறியும் புள்ளியும் தனிக் குறிகள்), பைட்கள் பதினைந்து. வரம்பு 7 எனில், ஏழாவது பைட்டோடு வெட்டினால் ஒரு குறி பாதியில் உடைகிறது. தாம்சனின் நிபந்தனையைப் பயன்படுத்திப் பின்னே நகர்ந்தால் ஆறாவது பைட்டில் சரியான எல்லை கிடைக்கும். ஆனால் அங்கே வெட்டினால் "தம" என்று வரும், 'மி' என்ற எழுத்து 'ம' ஆகிவிட்டிருக்கும். குறியாக்கத்தின்படி சரியான வெட்டு, தமிழின்படி தவறான வெட்டு. ஆகவே தாளில் எழுத வேண்டிய முதல் வாக்கியம் இப்படி அமையும்: வெட்டிய இடத்தை அடுத்து வரும் குறி உயிர்க்குறியாகவோ புள்ளியாகவோ ஒருபோதும் இருக்காது. இரண்டாவது வாக்கியத்தை, பின்னே நகரும் ஒவ்வொரு சுற்றிலும் எது குறைகிறது என்பதை, நீங்களே எழுதிவிட்டுப் பிறகு கீபோர்டைத் தொடுங்கள்.